துரையின் சிலுவாரைக் கேட்டு எழுதிய மகனுக்கு

மகனே, சொல்வது உன் அம்மா, எழுதுவது உன் தங்கச்சி. எனக்கு எழுத்துத் தெரியாது என்பது உனக்குப் புதிதில்லை. இதுவரை உனக்கு வந்த கடிதங்களை எல்லாம் உங்கப்பா பக்கத்தில் உட்கார்ந்து அதை எழுது, இதை எழுது என்று சொல்லச் சொல்லத்தான் இவள் எழுதினாள். இந்தக் கடிதம் அவருக்குத் தெரியாது. அவர் உள்ளே தூங்குகிறார். நாங்கள் இருவரும் இஸ்திரிக் கொட்டகையில், விளக்கைத் தரையில் இறக்கி வைத்துக்கொண்டு உட்கார்ந்திருக்கிறோம். கணக்கு நோட்டின் பின்பக்கத் தாள்களைக் கிழித்துக் கொண்டுவந்திருக்கிறாள். நான் பேசுகிற கொச்சையை அப்படியே எழுதாதே, வாத்தியாருக்கு எழுதிக் காட்டுகிற மாதிரி எழுது என்று சொல்லியிருக்கிறேன். இன்றைக்கு என்னவோ இவள் எழுதுவது வரியில் நிற்காமல் ஓடுகிறது. "ஏண்டி குட்டி, குளிருதா?" என்றால், "இல்லம்மா, விளக்குதான் ஆடுது" என்கிறாள். எழுத்துக் கோணலாக இருந்தால் பொறுத்துக்கொள்.

ஞாயிற்றுக்கிழமை லாரி டிரைவர் மாணிக்கம் உன் கடிதத்தைக் கொண்டுவந்து கொடுத்தான். உங்கப்பா ஆற்றில் துணியோடு இருந்த நேரம். தங்கச்சிதான் படித்துச் சொன்னாள். வருகிற சனிக்கிழமை மலாக்கா டவுனில் உங்களைப் போல் எழுத்து வேலை பார்க்கிற கிராணிமார் கிளப்புத் திடலில் டென்னிஸ் ஆட்டம் என்றும், தோட்டத்துத் துரைமார் நாலு பேர் வந்து உங்களோடு ஆடப் போகிறார்கள் என்றும், உன்னையும் அதில் சேர்த்திருக்கிறார்கள் என்றும் எழுதியிருந்தாய். கேட்டதும் எனக்குக் கண் நிறைந்துவிட்டது. பிறகு மற்றதைப் படித்தாள். உன் ஆபீஸ் பெரிய கிராணிதான் கிளப்புக்கும் செக்ரட்டரி, உன் வேலை நிலைப்பது அவர் கையில் இருக்கிறது. அவரே போன வாரம் நீ முரட்டு டிரில் துணிக் கால்சட்டையைப் போட்டுப் போனபோது, "என்ன தம்பி, ஆட வந்தியா, மருந்து குடுக்க வந்தியா? தோட்டத்து டிரஸ்ஸர் மாதிரி நிக்கிறியே!" என்று எல்லோர் முன்னாலும் கேட்டாராம். சுற்றி நின்றவர்கள், "டிரஸ்ஸரே, எனக்கு வயித்து வலி லா, ஒரு அவுன்ஸ் ஊத்துங்க" என்று சேர்ந்து சிரித்தார்களாம். அதைச் சொல்லிவிட்டு, "அம்மா, முன்ன மாதிரி நம்ம துரையோட பிளானல் சிலுவாரை ஒரு நாளைக்கு மட்டும் அனுப்பும்மா" என்று முடித்திருந்தாய். பார்க்கலாம் என்று மட்டும் இவளிடம் சொன்னேன். மாட்டேன் என்று அப்போதே சொல்லியிருக்க வேண்டும்.

இப்போது சொல்கிறேன். அனுப்ப மாட்டேன், ஐயா. கோபத்தில் சொல்லவில்லை. பயத்தில் சொல்கிறேன். நேற்று மத்தியானம் துரைசானி குடையைப் பிடித்துக்கொண்டு துவைக்கிற இடத்துக்கே இறங்கி வந்தாள். அவள் அங்கே வருவதே இல்லை. வந்தவள் தனக்குத் தெரிந்த தமிழில், "சனிக்கிழமை துரை டவுன் போவான். கிராணி கூட டென்னிஸ். பழைய பிளானல் வேணும். புதுசு வேணாம், இடுப்பு பிடிக்குது. வெள்ளி மத்தியானம் குடு" என்றாள். உன்னோடு ஆட வருகிற நாலு துரைமாரில் நம் துரையும் ஒருவர் என்று உனக்குத் தெரியாது. தெரிந்திருந்தால் கேட்டிருக்க மாட்டாய். அந்தப் பழைய சிலுவாரைத்தானே நீ கேட்டாய்? அதன் வலது முழங்காலில் துரைசானி தன் கையாலேயே இழை ஓட்டியிருக்கிறாள். இடுப்புப் பட்டைக்குள் நம் வீட்டுக் குறி, துவைத்தாலும் போகாத சேங்கொட்டைப் பாலில் வைத்த மூன்று புள்ளியும் ஒரு கோடும், இருக்கிறது. ஆயிரம் சிலுவாருக்கு நடுவில் போட்டாலும் அந்தம்மா அதைக் கண்டுபிடித்துவிடுவாள். வலைக்கு அந்தப் பக்கம் துரை நிற்க, இந்தப் பக்கம் அவர் சிலுவாரில் நீ நிற்பதை நினைத்துப் பார். உன் வேலை போவது ஒரு பக்கம். எங்களைத் திருடர் என்று பேர் வெட்டி அனுப்பிவிடுவார்கள். ரப்பர் விலை விழுந்த வருஷத்தில் நம் லயத்து வீடுகளிலேயே பாதிப் பேரை இந்தியாவுக்குக் கப்பல் ஏற்றினார்களே, அவர்கள் ஒரு குற்றமும் செய்யாதவர்கள். நாங்கள் கப்பலேறி எங்கே போய் நிற்போம்? எங்கள் முகம் தெரிந்தவர்கள் அங்கே யார் இருக்கிறார்கள்?

பயப்படாதே, சிலுவார் பத்திரமாக இருக்கிறது. வெள்ளிக்கிழமை கொடுக்க வேண்டிய உருப்படிகளோடு ஞாயிற்றுக்கிழமையே தகரப் பெட்டிக்குள் மடித்து வைத்துவிட்டேன். அந்தப் பெட்டியின் மேல்தான் உன் தங்கச்சி உட்கார்ந்து இதை எழுதிக்கொண்டிருக்கிறாள்.

உன்னைக் குறை சொல்ல எனக்கு வாய் இல்லை. துவைக்க வந்த துணியை ஒரு நாள் இரவல் கொடுப்பது நம் ஆட்களிடம் எத்தனையோ காலமாக இருக்கிற வழக்கம். லயத்தில் கல்யாணம் என்றால் மாப்பிள்ளை வீட்டார் வெற்றிலையோடு நம் வாசலுக்குத்தான் முதலில் வருவார்கள். பந்தலுக்கு மேலே கட்டுகிற வெள்ளைத் துணியும் நம் வீட்டிலிருந்துதான் போகும், மாப்பிள்ளை தோளில் போடுகிற கோட்டும் நம் வீட்டிலிருந்துதான் போகும். அது யாருடைய கோட்டு என்று எல்லோருக்கும் தெரியும், யாரும் வாயைத் திறக்க மாட்டார்கள். மறுநாள் துவைத்து இஸ்திரிப் பெட்டி போட்டுப் பங்களாவுக்குப் போய்விடும். இதைக் களவென்று நாங்கள் நினைத்ததே இல்லை. இந்தத் துரைக்கு முன்னால் இருந்த துரையின் வெள்ளைக் கோட்டை, ரப்பர்ப் பால்மரம் வெட்டுகிற ஒருவன் கல்யாணத்துக்கு நான் கொடுத்தேன். நீ அப்போது சின்னப் பிள்ளை. நலுங்கு மஞ்சள் கைப்பக்கத்தில் ஒட்டிக்கொண்டது. மஞ்சள்தானே, வெயிலில் போய்விடும் என்று பார்க்காமல் சவர்க்காரம் போட்டேன். மஞ்சளில் சவர்க்காரம் பட்டால் ரத்தம் மாதிரி சிவந்துபோகும் என்பது எனக்குத் தெரியாததா? அவசரத்தில் புத்தி வேலை செய்யவில்லை. எலுமிச்சம்பழம் தேய்த்தேன், வெள்ளாவி வைத்தேன், நிழல் மாதிரி ஒரு கறை நின்றுவிட்டது. உங்கப்பா அந்தக் கோட்டை இரண்டு கையிலும் ஏந்திக்கொண்டு ஆபீஸ் வாசலில் காலையிலிருந்து நின்றார். துரை வெளியே வந்தபோது, "நான்தான் குடுத்தேன், என் பொஞ்சாதிக்குத் தெரியாது" என்றார். என் மேல் பழி வர விடவில்லை. அந்தத் துரை என்ன நினைத்தாரோ, வைதுவிட்டு விட்டுவிட்டார். வீட்டுக்கு வந்து உங்கப்பா என்னிடம் ஒரே ஒரு வார்த்தைதான் சொன்னார். "இனிமே இந்த வீட்டுலருந்து ஒரு கைக்குட்டை இரவல் போச்சுன்னா, நான் இந்த இஸ்திரிப் பெட்டியைத் தொடமாட்டேன்." அதற்குப் பிறகு கல்யாண வீட்டார் வந்தால் வெற்றிலையைத் திருப்பிக் கொடுத்துவிடுவார்.

அப்படிப்பட்ட மனுஷனுக்குத் தெரியாமல்தான் போன வருஷம் இரண்டு தரம் உனக்கு அதே சிலுவாரைக் கொடுத்தேன். நீ டென்னிஸ் பழகத் தொடங்கியிருந்த சமயம். இதே கொட்டகையில்தான் போட்டுப் பார்த்தாய். இடுப்பில் இரண்டு விரல் பெரிதாக இருந்தது, ஊசி குத்திக் கொடுத்தேன். "எப்படிம்மா, துரை மாதிரி இருக்கேனா?" என்று கேட்டாய். "துரை இந்நேரம் இவ்வளவு ஒல்லியா இருந்தா துரைசானி அழுதுருவா" என்றேன். இருவரும் சத்தம் வராமல் சிரித்தோம். மகனே, அன்றைக்கு உன்னை அந்த வெள்ளையில் பார்த்தபோது எனக்கு வந்த பெருமை நல்ல பெருமை இல்லை. இருபது வருஷமாகத் துரைமார் துணியைக் கல்லில் அடித்தவள் நான், என் வயிற்றில் பிறந்தவன் அதைப் போட்டு நிற்கிறான் என்ற ஆங்காரம் அது. அதில் ஊர் வழக்கமும் இல்லை, உன் தேவையும் இல்லை. என் ஆசைதான் இருந்தது. உனக்கு இந்தப் பழக்கத்தைக் கொடுத்தவள் நான். அதனால் அதை விடச் சொல்ல வேண்டியவளும் நான்தான்.

மாட்டேன் என்று சொல்லிவிட்டுச் சும்மா இருந்தால் நீ சனிக்கிழமை என்ன செய்வாய்? அதனால் எனக்குத் தெரிந்ததைச் சொல்கிறேன், கேட்டுக்கொள். ஆட்டம் எனக்குத் தெரியாது, துணி தெரியும். உன் டிரில் சிலுவாரைத் தூக்கிப் போடாதே. நீ டிரஸ்ஸர் மாதிரி தெரிந்தது துணியால் இல்லை, கஞ்சியால். டவுனில் யாரிடம் துவைக்கப் போடுகிறாயோ தெரியாது, ஆபீஸ் உடுப்புக்குப் போடுகிற கஞ்சியை அவன் அதற்கும் போட்டிருப்பான். கஞ்சி போட்ட துணி ஆளை நிற்க வைக்கும், ஓட விடாது. முழங்கால் மடங்கினால் பலகை மாதிரி முறியும். இரவில் வெதுவெதுப்பான தண்ணீரில் ஊறப் போடு. காலையில் தண்ணீரை மாற்று. தண்ணீர் வழவழப்பு இல்லாமல் தெளிவாக வரும்வரை மாற்றிக்கொண்டே இரு. நீலம் ஒரு சொட்டுக்கு மேல் வேண்டாம். நிழலில் தெரியாத நீலம் சாயங்கால வெயிலில் தெரியும், திடலில் நீ ஒருவன் மட்டும் நீலமாக நிற்பாய். உள்பக்கம் வெளியே வரும்படி திருப்பி, நிழலில் உலர்த்து. முழுக்கக் காய்வதற்கு முன்பே, மேலே ஓர் ஈரத் துணியைப் போட்டுப் பெட்டி போடச் சொல். அப்போது டிரில் பிளானல் மாதிரி தொங்கி விழும். கீழே மடித்துத் தைத்த அகல மடிப்பை ஒரு விரற்கடை இறக்கிவிடு, சப்பாத்தின் கயிற்றைத் தொட வேண்டும். உயர்ந்து நின்றால்தான் உடுப்பைக் கடன் வாங்கிய மாதிரி இருக்கும்.

பிற்பாடு காசு சேர்ந்து பிளானல் வாங்குவதானால், கடைக்காரன் விரித்துக் காட்டுவதைப் பார்க்காதே. ஒரு முனையைக் கையில் கசக்கிப் பிடித்து விடு. சுருக்கம் தானாகப் பிரிந்தால் அது ஆட்டு ரோமம். பிரியாவிட்டால் பஞ்சு கலந்தது, இரண்டாம் வெளுப்பிலேயே மஞ்சளாகிவிடும். தைப்பதற்கு முன் துணியை நனைத்து உலர்த்தச் சொல், தையல்காரச் சீனன் வேண்டாம் என்றுதான் சொல்வான், நீ விடாதே. முன்னால் இருந்த துரையின் பிளானல் ஒன்றை, நான் கல்யாணமாகி வந்த புதிதில், மற்ற வெள்ளையோடு சேர்த்து வெள்ளாவியில் வைத்துவிட்டேன். வெளியே எடுத்தபோது அது ஆறு வயசுப் பையனுக்குத்தான் ஆகும். உங்கப்பா அதைத் தூக்கிப் பார்த்துவிட்டு, "துரைக்குப் பிள்ளை பொறக்கட்டும், குடுத்துக்கலாம்" என்றார். சிரிக்கிற விஷயமா? அப்போது எனக்கு உயிர் போய் வந்தது.

சட்டைக்குச் சிப்பிப் பொத்தான்தான் வேண்டும். தகரப் பொத்தான் வியர்வையில் துருப்பிடித்து, பொத்தானைச் சுற்றி ஒரு பழுப்பு வட்டம் விழும், அதை யாராலும் எடுக்க முடியாது. கையைத் தூக்கிப் பந்தை அடிக்கும்போது சட்டை சிலுவாரை விட்டு வெளியே வந்துவிடக் கூடாது, அதனால் நீளம் ஒரு சாண் கூட இருக்கட்டும். அக்குளில் இறுக்கமாக இருந்தால் எவ்வளவு அழகாக இருந்தாலும் வாங்காதே. கடையில் கையைக் கட்டிக்கொண்டு நின்று பார்க்காமல், பந்து அடிக்கிற மாதிரி கையை வீசிப் பார். கடைக்காரன் சிரித்தால் சிரிக்கட்டும்.

சப்பாத்துதான் எனக்குப் பெரிய கவலை. நீ முதன்முதல் டவுன் பள்ளிக்கூடத்துக்குப் போனபோது உனக்கு வாங்கிய வெள்ளைக் கான்வாஸ் சப்பாத்து ஞாபகம் இருக்கிறதா? அழுக்கானதும் வெளுப்பாக இருக்கட்டும் என்று வெற்றிலைச் சுண்ணாம்பைக் குழைத்து நான் பூசினேன். பளிச்சென்று இருந்தது. ஒரு மழையில் சுண்ணாம்பு துணியைத் தின்றுவிட்டது, முன்பக்கம் வாயைப் பிளந்துவிட்டது. நீ அதைச் சணல் கயிற்றால் கட்டிக்கொண்டு இரண்டு மாசம் பள்ளிக்கூடம் போயிருக்கிறாய், விடுமுறைக்கு வந்தபோது உன் காலைப் பார்த்துத்தான் எனக்குத் தெரிந்தது. ஏன் சொல்லவில்லை என்று கேட்டதற்கு, "நீ ஆசையா பூசினேம்மா" என்றாய். அந்த வார்த்தை இன்றைக்கும் என்னைச் சுடுகிறது. நீ இப்போதும் அப்படித்தான் இருப்பாயோ, காலைக் கடித்தாலும் சொல்லாமல் ஆடுவாயோ என்று பயமாக இருக்கிறது. சப்பாத்தை மாத்திரம் இரவல் வாங்காதே, யாரிடமும் வாங்காதே. மலிவான ஜப்பான் சப்பாத்தில் அடி ரப்பரை ஒட்ட மட்டும் செய்திருப்பார்கள், சூட்டில் பசை இளகி, ஓடும்போது அடி பிரிந்து நாக்கு மாதிரி தொங்கும். விளிம்பைச் சுற்றித் தையல் இருக்கிறதா என்று நகத்தால் நெருடிப் பார். சாயங்காலம் போய் வாங்கு, நாளெல்லாம் நின்ற கால் கொஞ்சம் வீங்கியிருக்கும், அந்தக் காலுக்குச் சரியாக இருப்பதுதான் ஆட்டத்துக்கும் சரியாக இருக்கும். கனத்த காலுறை போட்டுக்கொண்டே போட்டுப் பார். வெளுப்புக்குக் கடையில் விற்கிற சப்பாத்து வெள்ளைக் கட்டியைத் தண்ணீரில் கரைத்து மெல்லிசாக ஒரு பூச்சு, உலர்ந்ததும் இன்னொரு பூச்சு. ஆட்டத்துக்கு முன்னால் பூசாதே, ஈரம் இருந்தால் சிலுவார் ஓரத்தில் ஒட்டிக்கொள்ளும்.

மட்டை வாங்கப் போவதாகவும் எழுதியிருந்தாய். அதைப் பற்றி எனக்கு என்ன தெரியும் என்று நினைக்காதே. பங்களா வராந்தாவில் துணியை எண்ணி வைக்கும்போது துரை செய்வதைப் பார்த்துக்கொண்டுதான் இருந்திருக்கிறேன். புது மட்டை வந்தால் முதலில் அதைக் கண்ணுக்கு நேரே பிடித்து, ஒரு கண்ணை மூடி, விளிம்போடு பார்ப்பார், கோணல் இருக்கிறதா என்று. பிறகு உள்ளங்கையால் நரம்பைத் தட்டிக் காதோடு வைத்துக் கேட்பார். மந்தமாகச் சத்தம் வந்தால் திருப்பி அனுப்பிவிடுவார். கடைக்கு முன்னால் ஐந்தடி வராந்தாவில் மழைச் சாரல் படுகிற இடத்தில் தொங்கவிட்ட மட்டையை வாங்காதே. ஆடி முடித்ததும் துரை மட்டையை நாலு திருகு வைத்த மரச்சட்டத்தில் பூட்டி வைப்பார், இல்லாவிட்டால் நம் ஊர் ஈரத்தில் மரம் முறுக்கிக்கொள்ளும். அந்த நரம்பு ஆட்டுக் குடல் என்று சமையல்காரன் சொன்னபோது நான் நம்பவில்லை. உங்கப்பாவிடம் சொன்னேன். "ஆட்டுக் குடலைக் கையில புடிச்சிக்கிட்டு ஓடுறதுக்கு வெள்ளை உடுப்பு வேறயா? நம்ம ஆளு குழம்பு வெச்சிருப்பான்" என்றார். உனக்குப் பிடிக்காத பேச்சுத்தான். ஆனால் உன்னை ஆட்டத்தில் சேர்த்திருக்கிறார்கள் என்று தெரிந்தால் அவர்தான் லயம் முழுக்கச் சொல்லிக்கொண்டு திரிவார். இந்தக் கடிதத்தில் இருக்கிற பயம் தீரட்டும், நானே அவரிடம் சொல்கிறேன்.

அண்ணே, இனி எழுதுவது நான், தங்கச்சி. அம்மா இல்லை. அப்பா இருமினார், அம்மா தண்ணீர் கொடுக்க உள்ளே போயிருக்கிறாள். அவள் வருவதற்குள் எழுத வேண்டும். அண்ணே, பெட்டியில் அந்தச் சிலுவார் இல்லை. உங்கள் கடிதத்தின் கடைசி வரியை நான் அம்மாவுக்குப் படித்துக் காட்டவில்லை. "அம்மா தயங்கினா நீயே எடுத்து மாணிக்கம் அண்ணன்கிட்டக் குடுத்துடு பாப்பா, அண்ணனுக்காக" என்று எழுதியிருந்தீர்களே. அம்மா பார்க்கலாம் என்று சொன்னதும், அவள் தயங்குகிறாள் என்று நினைத்தேன். உங்களை டிரஸ்ஸர் என்று சிரித்தார்களே, அது எனக்குத் தாங்கவில்லை. துரை புதுசைத்தானே போடுகிறார், பழசை ஒரு வாரத்துக்குக் கேட்க மாட்டார் என்று நினைத்தேன். திங்கட்கிழமை விடியற்காலையில் லாரி கிளம்புவதற்கு முன்பு அதை வாழையிலையில் சுற்றி, மேலே கோணி கட்டி, மாணிக்கம் அண்ணனிடம் கொடுத்துவிட்டேன். "என்னா பாப்பா இது, பலகாரமா?" என்று கேட்டார். ஆமாம் என்றேன். அன்றைக்கு மத்தியானம் துரைசானி வந்து கேட்டபோது நான் பள்ளிக்கூடத்தில் இருந்தேன். நம் துரைதான் ஆட வருகிறார் என்று அம்மா சொல்லி, நான் மேலே எழுதினேனே, அப்போதுதான் எனக்கே தெரியும். சிலுவார் பத்திரமாக இருக்கிறது என்று அம்மா சொன்னதை நானே என் கையால் எழுதினேன். பெட்டியைத் திறக்காமல் இருக்கத்தான் இதன் மேல் உட்கார்ந்திருக்கிறேன். லாரி இனி வெள்ளிக்கிழமைதான் போகும், திரும்பி வரும்போது இருட்டிவிடும். துரைசானி மத்தியானம் கேட்டிருக்கிறாள். எனக்கு என்ன செய்வதென்று தெரியவில்லை. அம்மாவுக்குத்தான் படிக்கத் தெரியாதே, இதை இப்படியே மடித்து அனுப்பிவிட்டால் வெள்ளிக்கிழமை காலை வரைக்கும் அவளுக்குத் தெரியாது. வெள்ளிக்கிழமை பெட்டியைத் திறந்ததும் அப்பாதான் பழியை ஏற்றுக்கொண்டு போய் நிற்பார். அம்மா வருகிறாள்.

அண்ணே, படித்துக் காட்டச் சொன்னாள். எல்லாவற்றையும் படித்தேன். நான் எழுதியதையும் நிறுத்தாமல் படித்துவிட்டேன். அம்மா என்னை எழுந்திருக்கச் சொன்னாள், பெட்டியைத் திறந்தாள். ஒவ்வொரு துணியாக எடுத்துத் தரையில் வைத்தாள், கடைசித் துணி வரைக்கும். பிறகு எல்லாவற்றையும் மடிப்புக் கலையாமல் திரும்ப அடுக்கினாள். என்னை அடிக்கவில்லை. "கையைத் துடைச்சிக்க, தாள் நனையுது" என்றாள். அப்புறம், "எழுது" என்றாள். இனி வருவது அம்மா சொல்வது.

மகனே, சின்னப் பிள்ளையிடம் அப்படி ஒரு வரியை நீ எழுதியிருக்கக் கூடாது. அதை இப்போது பேசி நேரத்தைக் கழிக்க எனக்கு மனமில்லை. நான் பார்க்கலாம் என்று சொன்னதும் அந்த வரிக்குக் குறைந்த தப்பில்லை. இந்தக் கடிதம் நாளை, புதன்கிழமை காலை, ஆபீஸ் தபால் பையோடு ரெம்பியாத் தபால் ஆபீசுக்குப் போகும். வியாழக்கிழமை காலையில் உன் கைக்கு வந்துவிடும். சிலுவாரை இதுவரை போடவில்லை என்றால் தொடாதே. போட்டுப் பழகியிருந்தாலும், செம்மண்ணோ புல்லோ பட்டிருந்தாலும், நீ துடைக்காதே, தண்ணீர் காட்டாதே, உனக்குத் துவைக்கிற டவுன் ஆளிடம் கொடுத்துவிடாதே. என்ன கறையாக இருந்தாலும் உலர்ந்தபடியே என்னிடம் வரட்டும். நான் குத்திய ஊசிபோல் நீ எதையாவது குத்தியிருந்தால் அதை மட்டும் எடுத்துவிடு. மடித்து ஒரு பழைய துணியில் சுற்றி வை. வெள்ளிக்கிழமை மத்தியானத்துக்குள் அதைத் துவைத்து, உலர்த்தி, பெட்டி போட எனக்கு ஓர் இரவு வேண்டும். அதற்கு மேல் வேண்டாம். மழை மட்டும் பெய்யாமல் இருக்க வேண்டும்.

வியாழக்கிழமை மத்தியானம் நான் வருகிறேன். உங்கப்பாவிடம் சவர்க்காரம் தீர்ந்துவிட்டது, ரெம்பியாக் கடைக்குப் போகிறேன் என்று சொல்லிவிட்டு, அங்கிருந்து பஸ் ஏறிவிடுவேன். வீட்டுக்குத் திரும்பிய பிறகு நடந்ததை அவரிடம் சொல்லிவிடுவேன், முன்னால் சொல்ல மாட்டேன். முன்னால் சொன்னால் அவரே நேராகப் பங்களாவுக்குப் போய்க் கையைக் கட்டிக்கொண்டு நின்றுவிடுவார். தனியாக டவுனுக்குப் பஸ்ஸில் நான் வந்ததில்லை. உன் வீடு ஆற்றுப் பாலத்தைத் தாண்டி, சீனன் சவப்பெட்டிக் கடைக்குப் பக்கத்துச் சந்தில், மாடியில் என்று எழுதியிருந்தாய். கேட்டுக் கேட்டு வந்துவிடுவேன். மாடி ஏற மாட்டேன். கீழே சாக்கடைப் பக்கம் நிற்பேன். ஆபீசிலிருந்து சாப்பாட்டுக்கு வரும்போது கையில் மூட்டையோடு இறங்கி வா.

சனிக்கிழமை உன் டிரில் சிலுவாரோடு போ. நான் சொன்ன மாதிரி கஞ்சியை எடுத்திருந்தால் யாரும் உன்னை ஒன்றும் சொல்ல மாட்டார்கள். சொன்னாலும் ஆடு. எதிரே துரை நின்றால் அவர் முழங்காலைப் பார்க்காதே, பந்தைப் பார்.

இன்னும் ஒன்று. எங்களைப் பற்றி அங்கே நீ என்ன சொல்லி வைத்திருக்கிறாய் என்று எனக்குத் தெரியாது. நான் கேட்டதில்லை, இப்போதும் கேட்கவில்லை. உன்னோடு தங்கியிருக்கிற கிராணிப் பிள்ளைகள் யாராவது மாடியிலிருந்து எட்டிப் பார்த்து, யார் இந்தப் பொம்பளை என்று கேட்டால், துணி வாங்க வந்த வண்ணாத்தி என்று சொல்லி மூட்டையைக் கொடுத்துவிடு. அது பொய்யில்லை, நான் குறையாக நினைக்க மாட்டேன். வாங்கிக்கொண்டு பேசாமல் நடந்துவிடுவேன். அந்த நேரத்தில் மட்டும் என்னை அம்மா என்று கூப்பிட்டுவிடாதே, ஐயா. கூப்பிட்டால் அங்கேயே உட்கார்ந்து அழுதுவிடுவேன். திரும்பிப் போகிற பஸ் எனக்காக நிற்காது.